ஆட்டை வெட்டலாம், மனுசனை வெட்டக் கூடாதா? மகளுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் திண்டுக்கல் பக்கம். போன மாதம் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு வைத்தோம். கல்லூரி முதல் வருடம் படிக்கும் என் மகள் பந்தியில் எல்லோர் முன்னாலும், "ஆட்டைக் கொன்னு தின்னலாம், மனுசனைக் கொன்னு தின்னக் கூடாதுன்னா என்ன நியாயம்?" என்று கேட்டுவிட்டாள். "ஆட்டுக்கு அறிவு கிடையாதும்மா" என்றேன். "தொட்டில்ல கிடக்கிற அத்தை பேரனுக்கும்தான் அறிவு வரலை, அவனைக் குழம்பு வைக்கலாமா?" என்றாள். என் அக்கா இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். "புலி மானைத் தின்னுதே, அது இயற்கை" என்றார் என் மச்சான். "புலி இன்னொரு புலியோட குட்டியையும் கொல்லும் மாமா, அதுவும் இயற்கைதான்" என்றாள். அன்றிலிருந்து கறி தொடுவதில்லை. எங்களைப் பார்த்து "நரமாமிசம் தின்கிறவங்களுக்கும் உங்களுக்கும் ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லை" என்கிறாள். காத்து கறுப்பு பட்டிருக்கும், மந்திரிக்க வேண்டும் என்கிறார் என் அம்மா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? கறியை விட்டால் உடம்பு கெட்டுப்போகுமா?

பதில்: அன்புள்ள ஐயா, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் என்று வரும், மீதி மாடு சினை பிடிக்கவில்லை என்று வரும். கால்நடை மருத்துவனிடம் போய் இதைக் கேட்கிறாரே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தால், ஆட்டைப் பிழைக்க வைக்கவும் சம்பளம் வாங்கிக்கொண்டு, அதே ஆடு வெட்டுவதற்குத் தகுதியானது என்று கையெழுத்துப் போடவும் சம்பளம் வாங்குகிற ஆட்கள் நாங்கள்தான். கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

மந்திரிப்பெல்லாம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்ட இடம் சரியில்லை, கேள்வி சரியான கேள்வி. நீங்களும் உங்கள் மச்சானும் சொன்ன பதில்கள்தான் நிற்கவில்லை, அதை அவள் ஆளுக்கு ஒரு வரியில் காட்டிவிட்டாள்.

அறிவு என்ற பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈன்ற சில மணி நேரத்துக்குள் தாய் ஆடு தன் குட்டியை மோந்தே கண்டுபிடித்துவிடும், வேறு குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளும், கொஞ்ச நாளில் மந்தைக்குள் எங்கிருந்து கத்தினாலும் தன் குட்டியின் குரலைத் தெரிந்துகொள்ளும். வலியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மடிநோய் வந்த மாட்டுக்கு வலி குறைய நான் போடும் மெலாக்சிகாம் ஊசியில் இருப்பது உங்கள் அம்மாவுக்கு மூட்டு வலிக்கு எழுதிக் கொடுக்கிற அதே மருந்துதான். வலி ஓடுகிற நரம்பும் அதை வாங்குகிற மூளையும் இரண்டு பேருக்கும் அடிப்படையில் ஒரே மாதிரி வேலை செய்வதால்தான் ஒரே மருந்து இரண்டு பக்கமும் கேட்கிறது. அதனால் "அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். விலங்கியல் வகுப்பில் தவளையைப் பார்த்த பெண்ணிடம்கூட அது செல்லாது.

அறிவை அளவுகோலாக வைத்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். 1884 ஜூலையில் மிக்னொனெட் என்ற இங்கிலாந்துப் பாய்மரப் படகு ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் அட்லாண்டிக்கில் மூழ்கியது. நாலு பேர் ஒரு சின்னப் படகில் தப்பினார்கள். கையில் இரண்டு டின் டர்னிப் கிழங்கு, குடிக்கத் தண்ணீர் இல்லை, நடுவில் ஒரு கடலாமை கிடைத்தது. கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆனபோது ரிச்சர்ட் பார்க்கர் என்ற 17 வயதுப் பையன் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு மயங்கிக் கிடந்தான். கேப்டன் டட்லியும் ஸ்டீஃபன்ஸும் பேசி முடிவெடுத்து அவனைக் கொன்றார்கள், படகில் இருந்த மூன்று பேரும் தின்றார்கள், சில நாளில் ஒரு கப்பல் வந்து காப்பாற்றியது. எங்களுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், அவன் எப்படியும் செத்திருப்பான் என்பதுதான் அவர்கள் பக்கத்து நியாயம். ஊர் மக்கள்கூட அவர்களுக்காகத்தான் இரக்கப்பட்டார்கள். நீதிபதி கோல்ரிட்ஜ் ஒத்துக்கொள்ளவில்லை. யார் உயிர் உசத்தி என்று எதை வைத்து அளப்பது, பலத்தை வைத்தா, அறிவை வைத்தா, வேறு எதை வைத்து என்று தீர்ப்பிலேயே கேட்டார். தூக்குத் தண்டனை விதித்து, பிறகு அது 6 மாதச் சிறையாகக் குறைந்தது. உங்கள் மகள் பந்தியில் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். அறிவு குறைந்தவனைத் தின்னலாம் என்று ஆரம்பித்தால் அந்தக் கத்தி தொட்டில் வரைக்கும் வரும்.

சரி, அவள் கேள்வி சரி என்றால் அவள் முடிவும் சரியா? இல்லை. ஆடு தின்பதும் ஆள் தின்பதும் ஒன்று என்கிறாளே, அங்கேதான் இடறுகிறாள்.

அவளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் விபத்தில் இறந்துவிட்டார், யாரும் கொல்லவில்லை, உடம்பு நல்ல உடம்பு, தின்றால் யாருக்கும் வலிக்கப் போவதில்லை. தின்னலாமா? அவளும் கூடாது என்றுதான் சொல்வாள். அப்படியானால் மனிதனைத் தின்னாமல் இருப்பதற்குக் காரணம் அவனுக்கு வலிக்கும் என்பதோ அவனுக்கு அறிவு இருக்கிறது என்பதோ மட்டும் இல்லை, ஏனென்றால் பிணத்துக்கு இரண்டுமே கிடையாது. கோரா டயமண்ட் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியை 1978-ல் இதே இடத்தைத்தான் தொட்டார். அவர் கறி சாப்பிடாதவர், ஆனால் கறிக்கு எதிராகத் தன் கூட்டாளிகள் வைக்கிற வாதம் இந்த இடத்தில் ஓட்டை என்றார். மனிதனின் குணங்களைப் பட்டியல் போட்டு, இன்னின்ன இருப்பதால் இவனைத் தின்னக் கூடாது என்று நாம் முடிவு செய்வதில்லை. மனிதன் என்றால் பேர் வைக்கப்படுபவன், செத்தால் அடக்கம் செய்யப்படுபவன், இலையில் வைக்கப்படாதவன். இதெல்லாம் சேர்ந்துதான் மனிதன் என்ற எண்ணமே நமக்குள் உருவாகியிருக்கிறது.

நோய் வரும், அதனால்தான் தடை என்று சிலர் சொல்வார்கள். நோய் உண்மைதான். பாப்புவா நியூ கினி மலைகளில் வாழும் ஃபோரே மக்கள் செத்த உறவினரின் உடலைச் சடங்காக உண்டுவந்தார்கள், அதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம் பங்கெடுத்தார்கள், குரு என்ற மூளை நோய் வந்து நடுங்கி நடுங்கிச் செத்ததும் அவர்கள்தான் அதிகம். 1950-களில் அந்த வழக்கம் தடை செய்யப்பட்டது, ஆனால் அந்த நோய் உடம்புக்குள் 50 வருடம்கூடப் பதுங்கியிருக்கக் கூடியது என்பதால் இந்த நூற்றாண்டு வரைக்கும் ஒன்றிரண்டு பேர் செத்தார்கள். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு தங்கை உண்டு. இங்கிலாந்தில் செத்த மாட்டின் எலும்பையும் கழிவையும் அரைத்து, தீவனத்தில் புரதம் கூடட்டும் என்று மாட்டுக்கே போட்டார்கள். புல் தின்கிற பிராணியை, அதற்குத் தெரியாமலே, தன் இனத்தையே தின்ன வைத்தார்கள். 1986-ல் பைத்திய மாட்டு நோய் என்று வெடித்தது, அந்த மாட்டுக்கறி வழியாக மனிதருக்கும் வந்து அந்த நாட்டில் மட்டும் 170-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், லட்சக்கணக்கில் மாடுகளைக் கொன்று எரிக்க வேண்டி வந்தது. இரண்டு நோய்க்கும் காரணம் பிரியான் என்கிற கோணிப்போன புரதம், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் சாகாது. ஆனால் குரு நோயின் பேரே கேள்விப்படாத நம் பாட்டன் பூட்டனும் மனிதனைத் தின்னவில்லையே. அதனால் நோய் அந்தத் தடைக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

சத்துக் கணக்கும் உதவாது. முழு ஆளின் உடம்பில் மொத்தமே சுமார் 1,25,000 கலோரிதான் தேறும் என்று 2017-ல் ஒரு தொல்லியல் ஆய்வாளர் கணக்குப் போட்டார். ஒரு மாமூத் யானையில் 36 லட்சம். வேட்டைக்காரனுக்கு லாபமில்லாத உருப்படி நாம்.

மனிதனைத் தின்றவர்களே இல்லையா என்றால் இருந்திருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. பாரசீக மன்னன் டேரியஸ் அவையில் நடந்ததாக ஹெரோடோட்டஸ் என்ற பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஒரு கதை எழுதியிருக்கிறார்: அப்பாவின் பிணத்தைத் தின்ன எவ்வளவு பணம் வேண்டும் என்று கிரேக்கர்களைக் கேட்டானாம், எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்றார்கள்; பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுள்ள ஒரு இந்தியக் கூட்டத்தாரிடம், எரிக்க எவ்வளவு வேண்டும் என்று கேட்டானாம், அவர்கள் ஐயோ என்று அலறினார்கள். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, பிரேசிலின் வாரி மக்களிடம் 1960-கள் வரை இது நிஜமாகவே இருந்தது. ஈரமான குளிர்ந்த மண்ணில் பெற்ற தாயைப் போட்டு மூடுவதுதான் அவர்களுக்குக் கொடூரம். அழுதுகொண்டே, சில சமயம் உடல் கெட்டுப்போன பிறகும், மரியாதைக்காக உண்டார்கள், பசிக்காக இல்லை. அதே மக்கள் எதிரியைத் தின்றபோது மட்டும் வேட்டை மிருகத்தைப் போல நடத்தி, அவமானப்படுத்தித் தின்றார்கள். கவனித்தீர்களா, மனிதனைக் கறியாகப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அவனை மிருகமாக்க வேண்டியிருக்கிறது.

ஆண்டிஸ் மலையில் 1972 அக்டோபர் 13 அன்று 45 பேரோடு விழுந்த உருகுவே விமானம் தெரிந்த கதைதான். 72 நாள் பனியில் கிடந்து 16 பேர் பிழைத்தார்கள், செத்துப்போன நண்பர்களின் உடல்தான் சாப்பாடு. யாரையும் கொல்லவில்லை, நான் செத்தால் என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், கத்தோலிக்கத் திருச்சபையும் அதைப் பாவம் என்று சொல்லவில்லை. மிக்னொனெட் படகையும் இதையும் பக்கத்தில் வைத்தால், மனிதன் விஷயத்தில் கொல்வது வேறு, தின்பது வேறு என்று தெரிகிறது. கதியே இல்லாத நேரத்தில் தின்றதை உலகம் மன்னித்தது, கொன்றதைச் சட்டம் மன்னிக்கவில்லை. ஆட்டு விஷயத்தில் இது அப்படியே தலைகீழ்! கொன்ற ஆட்டை விருந்தாக்குகிறோம், தானாகச் செத்த ஆடு என்றால் முகம் சுளிக்கிறோம்.

இந்த இடத்தில் மணிமேகலையில் வரும் சாதுவனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆதிரையின் புருஷன். கப்பல் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நாகர் மலையில் ஒதுங்கித் தூங்குகிறான். அவனை உணவாக்கத்தான் எழுப்புகிறார்கள், அவர்கள் பாஷையை அவன் பேசியதால் விட்டுவிடுகிறார்கள். தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்கச் சொல்கிறான், இவன் மறுத்து அறம் பேசுகிறான். எங்களால் முடிகிற அறமாகச் சொல் என்று தலைவன் கேட்க, சாதுவன் இரண்டே விஷயம்தான் சொல்கிறான். கப்பல் உடைந்து கரை ஒதுங்குகிற மனிதர்களைக் கொல்லாமல் காப்பாற்று; மூத்துச் சாகிற விலங்கைத் தவிர வேறு எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே. ஆளைத் தின்கிறவர்களிடம் பேசும்போதுகூட அவன் இரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை. மனிதனுக்கு ஒரு சொல், விலங்குக்கு ஒரு சொல், விலங்குக்குச் சொன்னதில் சின்ன விட்டுக்கொடுத்தல். மிக நேர்த்தியான ஆலோசகன். ஆனால் மூத்துச் செத்ததைத் தின்னலாம் என்பதைக் கால்நடை மருத்துவனாக நான் வழிமொழிய முடியாது, தானாகச் செத்த ஆட்டில் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் இருந்தால் அறுத்தவர் கைக்கே வினை வந்துவிடும். திடீரென்று செத்த உருப்படியை அறுக்காமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

உங்கள் வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கும், யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் பேர் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாயை வெட்டுகிற அன்று அந்தப் பிள்ளைகள் கறிக்கு உட்காருவதில்லை. நிறைய வீட்டில் பெரியவர்களே அதை வியாபாரியிடம் தள்ளிவிட்டு வேறு கிடா வாங்கி வெட்டுகிறார்கள். அந்த ஆட்டுக்கு அறிவு கூடிவிட்டதா என்ன? பேர் வைத்ததும் அது வீட்டு ஆள் பக்கம் ஒரு அடி நகர்ந்துவிட்டது. மனிதனுக்கும் விலங்குக்கும் நடுவில் இருக்கிற கோடு உங்கள் மகள் நினைக்கிற மாதிரி வெறும் கட்டுக்கதையும் இல்லை, உங்கள் மச்சான் நினைக்கிற மாதிரி கல்லில் வெட்டியதும் இல்லை.

அதனால் அவளிடம் இப்படிச் சொல்லுங்கள்: மனுசனைத் தின்னாததுக்கு உள்ள காரணம் தனி. அதைக் காட்டி ஆடு தின்பது சரி என்று நானும் சொல்ல மாட்டேன், அதைக் காட்டி ஆடு தின்பது கொலை என்று நீயும் சொல்லாதே. ஆட்டைப் பற்றிப் பேசணும்னா ஆட்டுக்கு என்ன நடக்கிறது என்று பேசுவோம்.

அப்படிப் பேச ஆரம்பித்தால் உங்களுக்குத்தான் கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2001-ல் வந்த மத்திய அரசின் இறைச்சிக்கூட விதிகள்படி சினை ஆட்டை வெட்டக் கூடாது, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியை வெட்டக் கூடாது, அந்த வயதுக் குட்டி வைத்திருக்கும் தாயையும் வெட்டக் கூடாது, ஒரு ஆட்டின் கண் முன்னால் இன்னொரு ஆட்டை வெட்டக் கூடாது, வெட்டுவதற்கு முன் ஓய்வு கொடுத்து மருத்துவர் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் ஊர்க் கறிக்கடைக்கு அவளைக் கூட்டிப்போனால் இதில் எத்தனை நடக்கிறது என்று அவளே எண்ணிச் சொல்லிவிடுவாள். மதச் சடங்குக்காக வெட்டுவதை மிருகவதைத் தடைச் சட்டம் குற்றமாகக் கருதுவதில்லை. தமிழ்நாட்டில் கோயில் பலிக்குத் தடை போடும் 1950-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருந்து, 2003-ல் திடீரென்று அதைத் தூசி தட்டி எடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2004-ல் நீக்கியே விட்டார்கள். என்னைக் கேட்டால் கோயில் கிடாய் இந்தக் கணக்கில் பெரிய குற்றவாளி இல்லை. அது வருடக்கணக்கில் மேய்ந்தது, வெயிலும் மழையும் பார்த்தது, ஒரே வெட்டில் போயிற்று. பிராய்லர் கோழியைப் பாருங்கள். ஐந்தாறு வருடம் வாழக் கூடிய பறவையை ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு ஊத வைக்கிறோம், காலுக்கு அந்த எடையைத் தாங்கத் தெரியாது, நொண்டுகிற கோழியைப் பார்க்காத பண்ணை டாக்டர் கிடையாது. முட்டைக்கோழி இனத்தில் சேவல் குஞ்சு முட்டை இடாது, கறிக்கும் ஆகாது என்பதால் பொரிப்பகத்தில் முதல் நாளே கொன்றுவிடுவார்கள். நான் ஆட்டுக்கறி எப்போதாவது சாப்பிடுகிறேன், பிராய்லரைத் தொடுவதில்லை, தொழில் காரணம்தான்.

கறியை விட்டுவிட்டுப் பாலும் பன்னீருமாகச் சாப்பிட்டால் கை சுத்தம் என்று அவள் நினைத்தால் அதையும் கேளுங்கள். பசு பால் கொடுக்க வேண்டுமானால் கன்று போட வேண்டும், பாதிக் கன்று காளைக் கன்று, டிராக்டர் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. அது எங்கே போகிறது என்று பால் பண்ணைக்காரர் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்.

"நரமாமிசம் தின்கிறவங்க" என்று அவள் சொன்னதை மட்டும் நீங்கள் சிரித்து விட்டுவிடாதீர்கள். அது உங்களைப் புண்படுத்தும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 1503-ல் ஸ்பெயின் ராணி இசபெல்லா, மனிதனைத் தின்கிறவர்கள் என்று சொல்லப்பட்ட கரீபிய மக்களை அடிமையாகப் பிடிக்கலாம் என்று ஆணை போட்டார், அப்புறம் பிடிக்க வேண்டியவர்கள் எல்லோரும் மனிதனைத் தின்கிறவர்கள் ஆகிவிட்டார்கள். நம் ஊரில் இதற்குக் கடல் தாண்ட வேண்டியதே இல்லை. செத்த மாட்டைத் தூக்கிப் போடுகிற வேலையையும் தலையில் கட்டிவிட்டு, செத்த மாட்டைத் தின்கிறவர்கள் என்று சொல்லியே ஒரு கூட்டத்தை ஊருக்கு வெளியே வைத்த நாடு இது. என்ன தின்கிறான் என்பதை வைத்து ஆளை எடைபோடுகிற பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது, கல்லூரியில் படிக்கிற பெண் இரக்கத்தின் பேரில் அதற்குள் போய் விழ வேண்டாம். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஒரு அதிகாரமே எழுதினார், தின்பதற்கு ஆளில்லை என்றால் விற்பதற்கும் ஆளில்லை என்று வாங்குகிற நம் மேலேயே பழியை வைத்தார். அந்த வாதத்தை அவள் எடுத்துக்கொள்ளட்டும், அதில் வம்பு இல்லை.

வீட்டில் என்ன செய்வது? அவளுக்குத் தெரியாமல் குழம்பில் எலும்புச் சாறு ஊற்றுகிற வேலையைப் பாட்டி செய்யக் கூடாது, அதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள், ஒரு தடவை தெரிந்துவிட்டால் அந்தப் பெண் உங்கள் அடுப்படியையே நம்ப மாட்டாள். அவளுக்கும் ஒன்று சொல்லுங்கள், அடுத்தவர் இலையில் கை வைத்திருக்கும்போது இந்தப் பேச்சு வேண்டாம், மற்ற நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அப்பா கேட்பார். அத்தையிடம் தொட்டில் உதாரணத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள்.

உடம்பு விஷயம் மனித டாக்டரின் வேலை, இருந்தாலும் பொதுவாகச் சொல்கிறேன். கறி இல்லாமல் நன்றாக வாழலாம், ஆனால் கவனிக்காமல் விட முடியாது. பி12 வைட்டமின் செடிகொடியிலிருந்து கிடைக்காது, பால், தயிர், முட்டை சாப்பிட்டால் ஓரளவு ஓடும், அதையும் விட்டால் மாத்திரைதான் வழி. இரும்புச் சத்து இன்னொன்று. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை, கறி சாப்பிடுகிறவர்களும் அதில் அடக்கம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொள்ளு, சுண்டல் எல்லாம் சேருங்கள், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. இப்போதே ஒரு தடவை ஹீமோகுளோபினும் பி12-ம் பார்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். பாட்டிக்கும் சேர்த்துப் பார்த்தால் நல்லது, கறி சாப்பிடுகிற அவருக்குத்தான் குறைவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.